அந்த 2 மில்லிமீட்டர்

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. பெட்ஃபோர்ட் ஊருக்கு வெளியே, ஒரு தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்டில், இரண்டு ஃபெராரிகள் எஞ்சின் இல்லாமல் லிஃப்டில் அந்தரத்தில் நின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று கருநீலம். இரண்டின் எஞ்சின்களும் கீழே ஆளுக்கொரு இரும்பு மேசையில். "மேலே பார்க்காதே, அடிப்பக்கத்தை மட்டும் பார்த்து எது எந்த வண்டியுடையது என்று சொல்" என்றார் அந்த ஷெட்டின் பெரியவர். பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி வந்து, நாலைந்து இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, நன்றாக யோசித்து, தப்பாகச் சொன்னேன்.

அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். எனக்கு அதில் ஒரு கேள்வி. இந்த இரண்டு வண்டிகளில் ஒன்றை உலகமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடுகிறது, இன்னொன்றை "ஃபெராரி செய்த மோசமான வண்டி எது?" என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஐந்துக்குள் இழுத்து விடுகிறார்கள். அடியில் படுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை என்றால், அந்த வித்தியாசம் எங்கேதான் இருக்கிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. வாரம் ஐந்து நாள் மில்டன் கீன்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிறர் எழுதிய மென்பொருளில் ஓட்டை தேடுகிறவன். சனிக்கிழமை மட்டும் இந்த ஷெட்டுக்கு வந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் போட்டு எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி ஒட்டுவேன், டீ போடுவேன். சம்பளம் கிடையாது. "ஊரான் வண்டிக்கு ஓசியில் வேலை பார்க்கப் போறீங்க, நம்ம வண்டி மூணு வாரமா சேறோட நிக்குது" என்று வீட்டில் சொல்வது நியாயம்தான், பதில் சொல்ல முடியாது.

பெரியவர் பிறந்தது இங்கிலாந்தில். அவருடைய அப்பா 1950களில் தெற்கு இத்தாலியிலிருந்து பெட்ஃபோர்ட் செங்கல் சூளைகளுக்கு வேலைக்கு வந்தவர். போர் முடிந்து இங்கிலாந்து முழுக்க வீடு கட்டிக்கொண்டிருந்த நேரம், சூளைக்கு ஆள் போதவில்லை, ஆயிரக்கணக்கில் இத்தாலியர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இந்த ஊரில் நிறைந்து கிடக்கிறார்கள். நான் அவசரப்படும்போதெல்லாம் அவர் "பியானோ, பியானோ" என்பார். முதல் மாதம் முழுக்க, இவர் ஏன் நான் ஸ்பானர் பிடித்தாலே வாத்தியத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று குழம்பிக்கொண்டிருந்தேன். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தமாம்.

சரி, வண்டிக்கு வருவோம். சிவப்பு வண்டி 348, 1990ஆம் வருடத்தது. நீல வண்டி எஃப்355, 1995. இரண்டிலும் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், பின் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறது. மிட் எஞ்சின் என்று சொல்வது இதைத்தான். இரண்டிலும் வி8. இரண்டுக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் அதே 2,450 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம் இரண்டிலும் 85 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 348இல் 75, 355இல் 77. அவ்வளவுதான். 2 மில்லிமீட்டர். அதில் கிடைத்த கூடுதல் கொள்ளளவு வெறும் 91 சிசி, அதாவது 3,405 என்பது 3,496 ஆனது. நம் ஊர் மொபெட் எஞ்சின் ஒன்றின் அளவு இருக்கும், பெரிதாக ஒன்றுமில்லை.

ஆனால் 348 தருவது 300 குதிரைத்திறன், 355 தருவது 380.

இந்த 80 குதிரை எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. எஞ்சினிலிருந்து மட்டும் வரவில்லை என்பது என் எண்ணம். கொஞ்சம் ரோஷத்திலிருந்தும் வந்தது.

348ஐ அது பிறந்த நேரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனியைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி 1988 ஆகஸ்டில் இறந்தார். ஃபியட் தன் பங்கை 50 சதவீதத்திலிருந்து 90 ஆக்கிக்கொண்டது. அதே நேரம் உலகம் முழுக்கப் பணக்காரர்களுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது, ஃபெராரியை ஓட்டுவதற்கு வாங்காமல் பங்குச்சந்தைச் சரக்கு மாதிரி வாங்கி வைத்து, வரிசையில் பின்னால் நிற்பவனுக்கு லாபம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். சிவப்பாக இருந்து குதிரைச் சின்னம் ஒட்டியிருந்தால் போதும், விற்றுவிடும். அந்தக் காலத்தில், 1989இல், ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 348 மேடையேறியது. எதைச் செய்தாலும் விற்கும் என்று தெரிந்த கடையில் சமையல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக 348ஐச் சோம்பேறித்தனமாகச் செய்தார்கள் என்று சொன்னால் அது பொய். உண்மையில் கஷ்டமான வேலை முழுவதையும் செய்தது 348தான். அதற்கு முந்தைய 308, 328 வண்டிகளில் எஞ்சினைக் குறுக்கே படுக்க வைத்து கியர்பாக்ஸை அதன் அடியில் ஒட்டியிருப்பார்கள். அதனால் எஞ்சின் உயரத்தில் உட்காரும், வண்டியின் கனமும் உயரத்திலேயே நிற்கும். 348இல் எஞ்சினை நீளவாக்கில் திருப்பி, கியர்பாக்ஸைப் பின்னால் குறுக்கே வைத்தார்கள். எஞ்சின் சுமார் 13 சென்டிமீட்டர் கீழே இறங்கியது. ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் 13 சென்டிமீட்டர் என்பது, இடுப்பில் இருந்த குடத்தைத் தரையில் இறக்கி வைப்பது மாதிரி. கூடவே, பழைய குழாய்ச் சட்டகத்தை விட்டுவிட்டு எஃகுத் தகட்டை அழுத்தி ஒட்டிய உடலுக்கு மாறியதும் இந்த வண்டியில்தான். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் பின்பகுதி மட்டும் தனியே கழற்றக்கூடிய குழாய்ச் சட்டம். 348 டிபி, டிஎஸ் என்ற பெயர்களில் வரும் "டி" அந்தக் குறுக்கு கியர்பாக்ஸைத்தான் குறிக்கிறது.

அந்தக் குறுக்கு கியர்பாக்ஸுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1975இல் நிக்கி லவுடா உலக சாம்பியன் ஆனது 312டி என்ற ஃபார்முலா 1 வண்டியில், அந்த "டி"யும் இதே "டி"தான். அப்போது அணியை நடத்தியவர் இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர், பெயர் லூக்கா டி மான்டெஸெமோலோ. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

348க்குக் கெட்ட நேரம் ஜப்பானிலிருந்து வந்தது. ஹோண்டா என்எஸ்எக்ஸ். 3 லிட்டர் வி6தான், குதிரைத்திறனும் 348ஐவிடக் குறைவுதான். ஆனால் முழு அலுமினிய உடல், ஃபார்முலா 1 சாம்பியன் அயர்டன் சென்னா சுசுக்கா பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொன்ன வண்டி, காலையில் சாவி திருப்பினால் ஸ்டார்ட் ஆகும், ஏசி குளிரும், வெளியே பார்த்தால் சாலை தெரியும், முக்கில் வேகமாகத் திருப்பினால் பயமுறுத்தாது. இத்தாலியில் "அருமையான வண்டி என்றால் கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும்" என்று பல வருடங்களாகச் சொல்லி வந்த சமாதானத்தை ஒரே அடியில் உடைத்துப் போட்டது அது. ஆரம்பகால 348 முக்கில் எல்லைக்கு மேல் போனால் பின்பக்கம் திடீரென்று விலகும் என்று பெயர் வாங்கியது. பின்னால் சஸ்பென்ஷனைத் திருத்தினார்கள், 1993இல் வந்த 348 ஜிடிபியில் 320 குதிரைத்திறன், அகலமான பின் சக்கர இடைவெளி எல்லாம் கொடுத்தார்கள், அது நல்ல வண்டி என்றே ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒருமுறை கெட்ட பெயர் வந்தால் வந்ததுதான்.

இதற்கிடையில் அந்த மான்டெஸெமோலோ, 1990 உலகக்கோப்பைக் கால்பந்தை இத்தாலியில் நடத்திய குழுவுக்குத் தலைவராக இருந்துவிட்டு, 1991 கடைசியில் ஃபெராரிக்கே தலைவராகத் திரும்பி வந்தார். வருவதற்கு முன் ஒரு வாடிக்கையாளராக 348 ஒன்றை வாங்கி ஓட்டியிருக்கிறார். ஏமாந்துபோனேன் என்று பிற்பாடு வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஒரு கம்பெனியின் தலைவர் தன் கம்பெனி விற்றுக்கொண்டிருந்த வண்டியைப் பற்றி இப்படிப் பேசுவது ரொம்ப அபூர்வம். பெரியவருக்கு அவர் மேல் இதற்காகவே மரியாதை, "அவன் சொந்தக் காசில் வாங்கி ஓட்டினான், அதனால்தான் தெரிந்தது" என்பார். அதற்குள் அந்த வாங்கி விற்கும் பைத்தியமும் தெளிந்து, சந்தை படுத்துவிட்டது. எதைச் செய்தாலும் விற்கும் என்ற காலம் போய், நன்றாகச் செய்தாலும் விற்குமா என்ற காலம். அந்தப் பயத்தில் செய்த வண்டி 355. 1994இல் வந்தது.

பெயரிலேயே மாற்றம் தெரியும். 308 என்றால் 3.0 லிட்டர், 8 சிலிண்டர். 348 என்றால் 3.4 லிட்டர், 8 சிலிண்டர். 355 என்றால் 3.5 லிட்டர், ஆனால் கடைசி 5 சிலிண்டர் எண்ணிக்கை கிடையாது, ஒரு சிலிண்டருக்கு ஐந்து வால்வு என்பதைச் சொல்கிறது. மூன்று வழியாகக் காற்று உள்ளே போகும், இரண்டு வழியாகப் புகை வெளியே வரும். மொத்தம் 40 வால்வுகள். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி வைத்தால் ஒரு சிலிண்டருக்கு மேல் இவ்வளவு ஓட்டைகளை எப்படி அடைத்தார்கள் என்று மலைப்பாக இருக்கும். எஞ்சின் அதிகக் குதிரைத்திறன் தர வேண்டுமென்றால் ஒரு நிமிடத்தில் அதிகக் காற்றைக் குடிக்க வேண்டும். கொள்ளளவைக் கூட்டலாம், அதில் அவர்கள் கூட்டியது வெறும் அந்த 2 மில்லிமீட்டர். இல்லாவிட்டால் அதே எஞ்சினை இன்னும் வேகமாகச் சுற்ற வைத்து, அந்த வேகத்திலும் மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 348 தன் 300 குதிரையை 7,200 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு அத்தனை சுற்றில், தரும். 355 தன் 380ஐ 8,250இல் தரும், 8,500 வரை போகலாம். அந்த வேகத்தில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு ஒவ்வொரு சுற்றிலும் இழுபட்டு நசுங்குவதைத் தாங்க வேண்டும், அதற்காக டைட்டானியத்தில் செய்தார்கள், கனம் குறைவு. லிட்டருக்கு 108க்கு மேல் குதிரைத்திறன், டர்போ கிடையாது. அதே வருடங்களில் உலகின் வேகமான காராக இருந்த மெக்லாரன் எஃப்1க்குக் கூட இந்தக் கணக்கில் லிட்டருக்கு சுமார் 103தான் வரும்.

அப்புறம் அடித்தட்டு. 355இன் வயிற்றை முழுவதும் மூடி, காற்று வழுக்கிக்கொண்டு போய்ப் பின்னால் மேலேறி வண்டியைச் சாலையோடு அழுத்துகிற மாதிரி வடிவமைத்தார்கள். அதைக் கழற்ற எத்தனை ஸ்க்ரூ என்று எண்ணிக் கழற்றி டப்பாவில் போட்ட எனக்கு அந்தக் காற்றியக்கவியலின் மேல் ஒரு தனிப்பட்ட கோபம் உண்டு. ஐந்து கியருக்குப் பதில் ஆறு. 17 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 18. ஷாக் அப்சார்பரை ஒரு பட்டனில் மெத்தென்றோ விறைப்பாகவோ மாற்றலாம். பவர் ஸ்டீயரிங். வெளியே, உடலை வடிவமைக்கும் பினின்ஃபரீனா கம்பெனி 348இன் பக்கவாட்டில் இருந்த அந்த ஜன்னல் கிராதிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, திறந்த காற்று வாயாக வழித்துவிட்டது. பின்னால் கறுப்புக் கிராதிக்குள் ஒளிந்திருந்த சதுர விளக்குகளுக்குப் பதில் பழையபடி வட்ட விளக்குகள். உடம்பு அதேதான், முகம் கழுவித் தலை சீவி விட்ட மாதிரி.

எண்பது தொண்ணூறுகளில் ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிராதி வைத்த வண்டிதான் ஃபெராரி. பிளாட்பாரத்தில் ஐந்து ரூபாய்க்கு விற்ற போஸ்டரில் இருந்தது டெஸ்டரோஸா என்ற இன்னொரு ஃபெராரியா 348ஆ என்று இன்று வரை எனக்குத் தெரியாது, என் அண்ணனோ பந்தயம் கட்டி 348 என்பான். அதனாலேயே எனக்கு 348இன் பக்கவாட்டின் மேல் பாசம், அது நியாயமான விமர்சனம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

எஞ்சினை ஏன் இறக்கினோம் என்று சொல்லவில்லையே. ரிப்பேர் எதுவும் இல்லை, டைமிங் பெல்ட் மாற்றத்தான். இந்த எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டுகளைச் சுற்றுவது ரப்பர் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், கதை முடிந்தது. அதனால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். நம் வீட்டு வண்டியில் அது அரை நாள் வேலை. இங்கே எஞ்சினை நீளவாக்கில் திருப்பி வைத்ததால், பெல்ட் இருக்கும் முகப்பு ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரைப் பார்த்து நிற்கிறது. இடைவெளியில் கை போகும், ஸ்பானர் பிடித்த கை போகாது. 13 சென்டிமீட்டர் கீழே இறக்கியதற்கு ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மாரனெல்லோ கொடுத்த விலை இது. கொடுப்பது வண்டி வைத்திருப்பவர், அது வேறு விஷயம்.

ஆகவே தண்ணீரை வடித்து, ஆயிலை வடித்து, பெட்ரோல் குழாய்களைக் கழற்றி, வயரிங் சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து நூல் கட்டி நம்பர் போட்டு, சைலன்சரை எடுத்து, அச்சுகளை விடுவித்து, அந்தக் குழாய்ச் சட்டத்தை மேசையின் மேல் உட்கார வைத்து, போல்ட்டுகளை உருவிவிட்டு, எஞ்சினை இறக்காமல் வண்டியை மேலே தூக்க வேண்டும். அந்தத் தருணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவர் லிஃப்ட் பட்டனை விட்டு விட்டு அழுத்துவார், வண்டி ஒரு விரல்கடை ஏறும், நிற்கும், நான் நாலு பக்கமும் ஓடி எங்கேயாவது ஒரு குழாய் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பேன், "பியானோ", இன்னொரு விரல்கடை. போன வருடம் இந்த நேரத்தில் நான் 10 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றை எஞ்சினின் வி பள்ளத்துக்குள் தவறவிட்டேன். காந்தக் குச்சியை வைத்துத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, டீயை மட்டும் அவரே போட்டுக்கொண்டார்.

க்ளட்ச் விஷயத்தில் நேர் எதிர். எஞ்சினிலிருந்து ஒரு தண்டு கியர்பாக்ஸைத் தாண்டி வண்டியின் வால்கோடி வரை போய், அங்கே ஃப்ளைவீலையும் க்ளட்ச்சையும் சுற்றி, அங்கிருந்து திரும்பி கியருக்குள் வருகிறது. அதனால் க்ளட்ச் மாற்றுவதற்கு எஞ்சினை இறக்க வேண்டாம், பின்னாலிருந்தே உருவிவிடலாம். பெல்ட்டுக்கு அரை வண்டியைப் பிரி, க்ளட்ச்சுக்குக் கதவைத் தட்டினால் போதும். மூளை இருப்பவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டேன். "அவர்களுக்கு க்ளட்ச் தீய்ந்துபோகும் என்று தெரியும், பெல்ட் வயதாகும் என்பதை மறந்துவிட்டார்கள்" என்றார். 1999இல் வந்த 360 மொடேனாவில்தான் சீட்டுக்குப் பின்னால் கழற்றக்கூடிய ஒரு மூடியை வைத்தார்கள். 2004இல் வந்த எஃப்430இல் பெல்ட்டே போய்ச் சங்கிலி வந்துவிட்டது.

வேலை முடிந்து, இரண்டையும் பூட்டி, ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க ஓட்டிப் பார்க்க வேண்டிய நாள். ஓட்டியது அவர், பக்கத்தில் நான். ஆனால் ஆளில்லாத கிராமத்துச் சாலையில் இரண்டையும் கொஞ்ச தூரம் என் கையில் கொடுத்தார். மொத்தம் பதினைந்து மைல் இருக்கும், அதை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள்.

348இல் முதல் கியர் இடது பக்கம் பின்னால் இருக்கிறது, எல்லா வண்டியிலும் இரண்டாவது இருக்கும் இடத்தில். பளபளவென்ற இரும்புத் தகட்டில் வெட்டிய பாதைகளுக்குள்தான் கியர்க் கம்பி போகும், ஒவ்வொரு முறையும் "டக்" என்று சாவி விழுகிற சத்தம். ஆயில் சூடாகும் வரை இரண்டாவது கியர் விழாது. விழாது என்றால் விழாது, அழுத்தினால் பல் நறநறக்கும். இந்தக் காலத்து ஃபெராரி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, முதல் பத்து நிமிடம் ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போய்விட வேண்டும். ஸ்டீயரிங்குக்கு எந்த உதவியும் கிடையாது. நிறுத்தும் இடத்தில் திருப்பினால் மாவாட்டுகிற மாதிரி இருக்கிறது, தோள் வலிக்கிறது. முப்பது மைல் வேகத்தைத் தாண்டியதும் அந்தக் கனம் எங்கேயோ போய்விட்டு, தார் எங்கே ஒட்டுப் போட்டது, ஈரம் எங்கே, சாலை எந்தப் பக்கம் சரிகிறது என்று எல்லாமே உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. எஞ்சினுக்கு நடுவாந்திர வேகத்திலேயே நல்ல இழுவை, 4,000 தாண்டியதும் தள்ள ஆரம்பிக்கும், அதற்கு மேல் பெரிய நாடகம் இல்லை.

355இல் ஏறினால் முதல் ஐந்து நிமிடம் ஏமாற்றம். ஸ்டீயரிங் லேசு, க்ளட்ச் சுமார், கீழ் வேகத்தில் பிக்கப் ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றியது. எஞ்சின் சூடானதும் பெரியவர் தலையை ஆட்டினார், மிதி என்று. 5,500 வரை சாதாரண சத்தம். 6,000 தாண்டியதும் சைலன்சரில் ஒரு வால்வு திறந்து, சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து மண்டைக்குள் நகர்ந்து, சுருதி ஏறி ஏறி, இதோ முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் இன்னும் 2,000 ஆர்பிஎம் மிச்சம் இருக்கிறது. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் சிரித்தார். நாதஸ்வரத்தில் உச்ச ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று நிற்பார்களே, அந்த நேரத்தில் பந்தலில் இருப்பவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்களே, அது. முக்குகளில் 348 "கவனம், கவனம்" என்று சொல்லிக்கொண்டே வரும், 355 "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 348க்கு 5.6 விநாடி, 355க்கு 4.7 என்று புத்தகத்தில் இருக்கிறது. அது ஒரு விநாடி வித்தியாசம் மாதிரியே தெரியாது.

இதோடு முடித்தால் 355 ஜெயித்துவிட்டது என்று கிளம்பிவிடலாம். ஷெட்டில் இருந்தால் இன்னொரு பக்கமும் தெரியும். அந்த 80 குதிரையும் கடனாக வந்தவை, வட்டி கட்ட வேண்டும். 355இல் புகை வெளியேறும் மேனிஃபோல்ட் குழாய்கள் சூட்டில் விரிசல் விடுவது உலகறிந்த விஷயம். ஆரம்ப வருட வண்டிகளில் வால்வுகள் ஏறி இறங்கும் கைடுகளை வெண்கலத்தில் செய்திருந்தார்கள், சீக்கிரம் தேயும், அப்புறம்தான் வேறு உலோகத்துக்கு மாறினார்கள். 355 வாங்கப் போகிற எவரும் முதலில் கேட்பது இந்த இரண்டைப் பற்றித்தான். அதே எஞ்சின் அடித்தளத்தை அதன் சுகமான வேகத்துக்கு மேல் ஓட வைத்தால் எங்கேயாவது பிய்த்துக்கொள்ளத்தானே செய்யும். 348இலும் வயரிங் தொல்லைகள் உண்டு, ஃப்யூஸ் போர்டு சூடாவது உண்டு, ஆனால் அந்த எஞ்சினின் வயிற்றைத் திறந்து பார்க்கும்போது அது அவசரப்படாத எஞ்சின் என்று எனக்கே தெரிகிறது. 355இன் உள்ளே சுவிட்சுகளின் மேல் பூசியிருக்கும் ரப்பர் மாதிரியான பூச்சு வயதானதும் உருகி வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டும், இந்த வண்டியைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கறுப்பு விரல்.

1997இல் 355க்கு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு வைத்த எஃப்1 கியர்பாக்ஸும் வந்தது, சாலை வண்டிகளில் ஃபெராரிக்கு அதுதான் முதல். பந்தயத்தில் அதை முதலில் கொண்டுவந்தது ஃபெராரியின் 640, நைஜல் மான்செல் 1989இல் பிரேசிலில் முதல் ஓட்டத்திலேயே அதை வைத்து ஜெயித்தார். 348 பிறந்த அதே வருடம். பந்தயப் பட்டறையில் அதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சாலை வண்டிப் பட்டறையில் 348ஐ விற்பனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் மான்டெஸெமோலோவின் எரிச்சல் கொஞ்சம் புரிகிறது. துடுப்பு வைத்த 355 இந்த ஷெட்டுக்கு வருவதுண்டு. நான் ஓட்டியதில்லை, ஆசையும் இல்லை.

348 மொத்தம் சுமார் 8,800, 355 அதைவிட அதிகம், 11,000க்கு மேல். ஆனாலும் விலை என்னவோ 355க்குத்தான் எப்போதும் அதிகம். எனக்கு அதில் வருத்தமில்லை, சத்தத்துக்கே கொடுக்கலாம். ஆனால் 348ஐத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் இரண்டு வண்டிகளின் அடியிலும் மாறி மாறிப் படுத்துப் பார்க்கட்டும். எஞ்சினைத் திருப்பி வைத்தது, கீழே இறக்கியது, அந்த உடல், அந்தக் குறுக்கு கியர்பாக்ஸ் ஏற்பாடு, எல்லாவற்றையும் செய்து அதற்கான அடியையும் வாங்கிக்கொண்டது மூத்தவன். தம்பி வந்து அதன் மேல் உட்கார்ந்து பாடினான். எங்கள் தெருவில் இப்படி இரண்டு மூன்று வீடுகள் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் 348இன் சொந்தக்காரர் வந்தார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை, இருபது வருடமாக அந்த வண்டியை வைத்திருப்பவர். பில்லைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், அட்டையைத் தேய்த்தார், சீட்டைத் தன் உயரத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டார். எஞ்சின் இரண்டு மணி நேரமாக நின்று ஆறியிருந்தது. நானும் பெரியவரும் ஷெட் வாசலில் நின்று பார்த்தோம். தொழிற்பேட்டைச் சாலையில் வண்டி முதல் கியரில் உறுமி, டக், சத்தம் சட்டென்று அடங்கி, ஒரு கணம் திணறி, நேராக மூன்றாவதில் நகர்ந்து போனது. பெரியவர் திரும்பி உள்ளே போய்க் கெட்டிலைத் தட்டினார்.